அலிபாக் போகலாமா? வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மும்பைக்கு எதிர்க்கரையில் இருக்கிற கடலோர ஊரான அலிபாக் பற்றித்தான். தாதர் சௌபாட்டி, ஜுஹு கடற்கரைகள் வீட்டுப் பக்கத்திலேயே இருந்தாலும் மும்பைக்காரனுக்குக் கடல் பார்க்க ஒரு கடலைத் தாண்டிப் போனால்தான் திருப்தி. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சிலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்ததால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

சனி, ஞாயிறு இரண்டே நாள்தான் லீவு. அலிபாக், நாகாவ், காஷித், முருட் ஜஞ்சிரா, நடுவில் கோர்லை கோட்டை என்று ஆபீஸ் நண்பர் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார். முடியுமா? (செம்பூர்)

முடியும், காருக்குள் உட்கார்ந்தபடியே. அலிபாக்கிலிருந்து காஷித் சுமார் 30 கிலோமீட்டர், முருட் இன்னும் தள்ளி 50க்கு மேல். மேப்பில் பார்த்தால் சின்னக் கோடு, போனால் ரேவ்தண்டா பாலம், சாளாவ், கோர்லை என்று ஊர் ஊராக வளைந்து போகிற ஒற்றைச் சாலை, எதிரே ஒரு எஸ்.டி. பஸ் (அரசு பஸ்) வந்தால் நீங்கள் ஓரம் கட்ட வேண்டும். ஜஞ்சிராவுக்கு ராஜபுரியில் பாய்மரப் படகுக்கு வரிசை, படகு நிறைந்தால்தான் கிளம்பும், கோட்டை வாசலில் அலை அடித்தால் இறங்குவதற்கே கொஞ்ச நேரம். ஆப்பிரிக்க வம்சாவளி ஆட்சியாளர்களான சித்திகளிடமிருந்து சிவாஜியும் பிடிக்க முடியாத, சம்பாஜியும் பிடிக்க முடியாத கோட்டையை நீங்கள் ஞாயிறு மத்தியானம் ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடலாம் என்று நினைப்பது கொஞ்சம் அதிகம்.

ஒன்று அலிபாக்கோடு நில்லுங்கள், அல்லது அலிபாக்கை விட்டுவிட்டு நேராக முருட் போய்த் தங்குங்கள். நண்பரின் பட்டியலைப் பத்திரமாக வையுங்கள், அது மூன்று பயணத்துக்கு ஆகும்.

அலிபாக் கரைக்கு எதிரே இருக்கிற குலாபா கோட்டைக்குக் கடலுக்குள் நடந்தே போகலாம் என்று படித்துவிட்டுப் போனோம். இடுப்பளவு தண்ணீர். குதிரை வண்டிக்காரர்கூட வரமாட்டேன் என்றார். பிள்ளைகள் ஏமாந்துபோனார்கள். எந்த மாசத்தில் போனால் நடக்க முடியும்? (மாட்டுங்கா)

மாசத்தைக் கேட்காதீர்கள் அம்மா, திதியைக் கேளுங்கள். உங்கள் வீட்டில் நாள்காட்டி கட்டாயம் தொங்கும், அதுவே போதும்.

கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். இங்கே மராத்தியில் ஏறுவதை பர்தி என்பார்கள், வற்றுவதை ஓஹோட்டி என்பார்கள், இந்த இரண்டு சொல்லும் தெரிந்தால் கரையில் யாரிடமும் விசாரித்துக்கொள்ளலாம். நேற்று வற்றிய நேரத்துக்கு இன்று வற்றாது, சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். மும்பை, அலிபாக் பக்கத்துக் கரையில் அமாவாசை, பௌர்ணமி அன்று கடல் வற்றுவது காலை ஆறு மணி வாக்கிலும் சாயங்காலம் ஆறு மணி வாக்கிலும், நடுப்பகலில் உச்சத்துக்கு ஏறி நிற்கும். மழைக்காலத்தில் பௌர்ணமி பக்கம் மத்தியானம் கனமழை பெய்தால் மாநகராட்சி ஏன் பதறுகிறது, தாதர் பக்கத்துப் பள்ளமான ஹிந்த்மாத்தாவில் தண்ணீர் ஏன் வடியாமல் நிற்கிறது என்பதும் இதே கணக்குதான்.

இப்போது நீங்களே போட்டுப் பாருங்கள். பௌர்ணமி அன்று காலை ஆறு மணி என்றால் திருதியை, சதுர்த்தி வாக்கில் எட்டு, ஒன்பது மணி. காலை டீ குடித்துவிட்டு நடப்பதற்கு அதுதான் தோதான நேரம், கோட்டை டிக்கெட் கவுண்டரிலும் ஆள் இருப்பார். அஷ்டமி அன்று வற்றுவது நடுப்பகலுக்கு வரும், நேரம் வசதி என்று தோன்றும், ஆனால் அப்போது கடல் முழுசாக இறங்காது, நிலாவின் இழுப்பும் சூரியனின் இழுப்பும் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்பதால் ஏற்றமும் கம்மி, இறக்கமும் கம்மி. நீங்கள் போன நாள் அஷ்டமி, நவமியா, இல்லை அமாவாசை அன்று மத்தியானமா என்று பழைய தாளைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் அதில் ஒன்றாகத்தான் இருக்கும். கிளம்புவதற்கு முன்னால் அலிபாக் டைட் டேபிளைப் போனில் ஒரு தடவை சரிபாருங்கள், திதிக் கணக்கு தோராயம்தான்.

அப்புறம் முக்கியமானது. வற்றும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள், வற்று நேரம் கடந்து ஒரு மணி நேரத்துக்குள் கரைக்குத் திரும்பிவிடுங்கள். கடல் முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை, பள்ளமான இடங்களில் பக்கவாட்டிலும் புகுந்துவிடும், கோட்டைக்குள் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரியாது. ஷூ வேண்டாம், பின்னால் வார் வைத்த செருப்பு போதும். தண்ணீர் வடிந்த மணல் சலவைக்கல் மாதிரி வழவழப்பாக இருக்காது, வரி வரியாக இறுகிப்போயிருக்கும், அதன்மேல் குதிரை வண்டிச் சக்கரத் தடம், நண்டு உருட்டிப் போட்ட கடுகளவு மணல் உருண்டைகள், கோட்டையை நெருங்க நெருங்கப் பாறையில் ஒட்டின சிப்பி ஓடு. வெறுங்காலில் கிழித்துவிடும்.

உள்ளே போனால் மதிலைப் பாருங்கள். சுண்ணாம்புக் காரை இல்லாமல் கருங்கல்லை அடுக்கியிருக்கிறார்கள், அலை மோதினால் தண்ணீர் இடுக்கு வழியாகப் போய் வடியட்டும் என்று. சிவாஜி 1680இல் தொடங்கிய வேலை இது, பிறகு மராட்டியத் தளபதி கானோஜி ஆங்கரேயின் கடற்படைக்கு இது தலைமையிடம் ஆனது. 1721இல் ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் சேர்ந்து வந்து முட்டிப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். வடக்கு மதில் பக்கம் சக்கரத்தோடு இரண்டு பீரங்கி நிற்கும், அதில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் லோ மூர் இரும்பாலையின் பெயர் வார்த்திருப்பதைப் பையன்களை விட்டுத் தேடச் சொல்லுங்கள். கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றும், சித்திவிநாயகர் கோயிலும் உண்டு. பூசை இல்லாத பிள்ளையார் கோயில் என்று நினைத்துச் சும்மா போகாதீர்கள், உள்ளே குடும்பமாகப் பூசை செய்கிறார்கள், ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு போகலாம்.

திருநெல்வேலியிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் முட்டி வலி, சுத்த சைவம். அலிபாக் சரிப்படுமா? (முலுண்ட்)

சரிப்படும். ஆனால் கேட்வே ஆஃப் இந்தியா துறையில் படகு ஏற்றாதீர்கள். அங்கே வழுக்கும் படிக்கட்டில் இறங்கி, ஆடுகிற படகில் எட்டு வைத்து ஏற வேண்டும், அம்மா சேலை கட்டியிருந்தால் இன்னும் கஷ்டம். பாவ்ச்சா தக்கா என்கிற மும்பைப் படகுத்துறையிலிருந்து அலிபாக் பக்கத்து மாண்ட்வாவுக்கு 2020இலிருந்து ரோ-ரோ கப்பல் ஓடுகிறது, உங்கள் காரையே உள்ளே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு மேலே சீட்டில் உட்காரலாம், ஒரு மணி நேரம். சனிக்கிழமைக்குக் கார் இடம் முன்னாலேயே தீர்ந்துவிடும், அதை முதலில் புக் பண்ணிவிட்டு ரூம் தேடுங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ரோடு வழியாக வட்கள் சந்திப்பு நெரிசலில் போய் மாட்டுகிறார்கள்.

தங்க நாகாவ் அல்லது வர்சோலி. தென்னையும் பாக்கும் நிற்கிற வாடிக்குள் வீட்டுக்காரர்களே இரண்டு மூன்று ரூம் கட்டி விட்டிருப்பார்கள், தரைத்தளத்தில் ரூம் கேளுங்கள், வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

சாப்பாடு, முந்தின நாளே போனில் சொல்லிவிட வேண்டும். இது மீன் ஊர், மத்தியானம் போய் உட்கார்ந்துகொண்டு வெஜ் என்றால் பனீர்தான் வரும், அதைச் சாப்பிட அலிபாக் எதற்கு? வாலாச்சே பிர்டே செய்ய முடியுமா என்று கேளுங்கள். மொச்சையை முளைகட்டி, ஒவ்வொன்றாகத் தோலுரித்து, தேங்காயும் கோகம் என்கிற புளிப்புப் பழமும் போட்டுச் செய்வது, தோலுரிக்கவே நேரம் பிடிக்கும் என்பதால்தான் முன்கூட்டிச் சொல்வது. சோறு, ஆம்டி என்கிற பருப்புக் குழம்பு, தேங்காய்ப்பாலும் கோகமும் சேர்த்த சோல்கடியோடு அப்பா ஒரு பிடி பிடிப்பார். கனகேஷ்வர் மலைக்கோயிலுக்கு யாராவது கூப்பிட்டால் நழுவிவிடுங்கள், 700 படிக்கு மேல். சாளாவில் பிர்லா கட்டிய விநாயகர் கோயில் போதும்.

2024 டிசம்பர் விபத்துக்குப் பிறகு படகு என்றாலே வீட்டில் அழுகை. பஸ்ஸிலேயே போய்விடலாமா? (சயான் கோலிவாடா)

அந்த 18ஆம் தேதி எலிபெண்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த படகின் மேல் கடற்படை விரைவுப் படகு வந்து மோதிய வீடியோவை நாமெல்லாம் எத்தனை தடவை பார்த்திருப்போம், பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பயத்தோடு ஏறச் சொல்ல மாட்டேன். ஏறுகிறவர்களுக்கு மட்டும்: லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொள்வதற்கும் தலையணையாகப் போட்டுக்கொள்வதற்கும் கொடுப்பதில்லை. போட்டு, வாரை இழுத்துக் கட்டுங்கள். குழந்தைக்குக் குழந்தை அளவு கேளுங்கள், இல்லை என்றால் அடுத்த படகு.

பஸ் என்றால் மும்பை சென்ட்ரலிலிருந்தும் பன்வேலிலிருந்தும் எஸ்.டி. உண்டு. ரயிலில் பேண் வரை போகலாம், அங்கிருந்து 30 கிலோமீட்டர் சொச்சம் பஸ்ஸில். அலிபாக்குக்கு நேர் ரயில் கிடையாது. சொந்தக் கார் இருந்தால் 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது வழியாக ஷிவ்டியிலிருந்து பறந்துவிடலாம், 21.8 கிலோமீட்டர் கடல் பாலம், அதுவே பாதி டூர். மிச்சப்படுத்திய நேரத்தையெல்லாம் பேண் தாண்டி வட்களில் கொடுத்துவிடுவீர்கள் என்பது வேறு விஷயம். கோவா ரோட்டில் போகிறவனும் அலிபாக் போகிறவனும் பிரிகிற இடம் அது. சனி காலை ஏழு மணிக்குள் அந்த முனையைத் தாண்டிவிட்டால் பிழைத்தீர்கள்.

நாங்கள் நாலு பேர், 90 அடி ரோடு. காசு கம்மி, ஜாலி ஜாஸ்தி வேணும். பீச்சில் டெண்ட் போடலாமா? ஒருத்தனிடம் ஜீப் இருக்கிறது, மணலில் ஓட்டி ரீல்ஸ் எடுக்க ஆசை. (தாராவி)

தம்பிகளா, ஜீப்பை வீட்டில் விடுங்கள். ஒவ்வொரு சீசனிலும் ஒரு வண்டியாவது அலையில் மாட்டி, ஊர்க்காரர்கள் மாட்டு வண்டியும் டிராக்டரும் கட்டி இழுக்கிற வீடியோ வருகிறது, ரீல்ஸ் எடுக்கப் போனவன் ரீல்ஸ் ஆகிவிடுவான். மேலே காய்ந்த மாதிரி தெரிகிற மணல் அடியில் சொதசொதவென்று இருக்கும், டயர் இறங்கினால் ஏறாது, கடலோ திரும்பி வந்துகொண்டே இருக்கும். கடற்கரையில் வண்டி ஓட்டுவதற்கு போலீஸ் கேஸ் வேறு.

காசு கம்மி என்றால் பாவ்ச்சா தக்காவிலிருந்து அலிபாக் பக்கத்து ரேவஸ் போகிற லாஞ்ச் பாருங்கள். டாக்யார்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம். கேட்வே கேட்டமரான் மாதிரி சொகுசு கிடையாது, மீன் கூடை, மூட்டை, சைக்கிள் எல்லாம் கூடவே வரும், எனக்கு அதுதான் பிடிக்கும். ரேவஸில் இறங்கினால் எஸ்.டி. பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ கிடைக்கும். கேட்வேயில் ஏறினால் டிக்கெட்டிலேயே மாண்ட்வாவிலிருந்து அலிபாக் வரை பஸ்ஸும் சேர்ந்திருக்கும், டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பஸ்ஸில் கேட்பார்கள்.

டெண்ட், நாகாவ், ரேவ்தண்டா பக்கம் தோப்புக்குள் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள், அங்கே படுங்கள். நீங்களாகக் கரையில் போடாதீர்கள், ராத்திரிக் கடல் எதுவரை வரும் என்று உங்களுக்குத் தெரியாது. குளிர்காலத்தில் போனால் போப்டி கேளுங்கள். மண்பானையில் மொச்சைக் காய், முட்டை, மசாலா தடவின கோழி எல்லாம் போட்டு, பாம்புர்டா என்கிற காட்டுத் தழையால் வாயை அடைத்து, பானையைக் கவிழ்த்துவைத்துச் சுற்றிலும் நெருப்பு மூட்டுவார்கள். தண்ணீர் ஒரு சொட்டு சேர்க்க மாட்டார்கள். அந்தத் தழை வாசனை கையை விட்டுப் போக மறுநாள் ஆகும். குடித்தால் கடலுக்குள் இறங்காதீர்கள், இறங்குவதாக இருந்தால் குடிக்காதீர்கள். காஷித்தில் இன்னும் கவனம், மணல் வெள்ளையாக அழகாக இருக்கும், கரை சரிவு, உள்ளிழுப்பு பலமாக இருக்கும்.

மதுரைக்காரன், படிக்க வந்திருக்கிறேன். அலிபாக் போனேன். கறுப்பு மணல், கலங்கின தண்ணீர். மாமல்லபுரத்தில் கால் வைத்தவனுக்கு இதெல்லாம் ஒரு பீச்சா? (போவாய்)

கறுப்பு அழுக்கு இல்லை தம்பி. தக்காணம் முழுக்க எரிமலைக் குழம்பு ஓடி இறுகின கருங்கல் பாறை, அது தேய்ந்து வந்த மணல் அந்த நிறம்தான். தண்ணீர் கலங்கலுக்குக் காரணம் பக்கத்திலேயே இருக்கிற தானே நகரத்து உப்பங்கழி, தரம்தர் உப்பங்கழி, அம்பா, பாதாளகங்கை ஆறுகள், அத்தனையும் சேற்றைக் கொண்டுவந்து இங்கேதான் கொட்டுகின்றன. தெற்கே போகப் போகத் தெளியும். மாமல்லபுரத்தில் சூரியன் கடலிலிருந்து எழும், இங்கே கடலில் விழும், அதனால் காலை ஆறு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஏமாறாதே. சாயங்காலம் போய் உட்கார்.

புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். ஒரு ரிசார்ட் விளம்பரத்தில் ‘பீச் டச்’, ‘பிரைவேட் பீச்’ என்று போட்டிருக்கிறது. வாடகை கன்னாபின்னா. நம்பலாமா? (டோம்பிவிலி)

பீச் டச் என்றால் ரூமிலிருந்து கடல் தொடும் தூரம் என்று நீங்கள் நினைப்பீர்கள், ஓனர் நினைப்பது வேறு. காம்பவுண்டுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்து முடிகிற இடத்தில் சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் கடல் என்றாலும் அவருக்கு அது டச்தான். இடத்தின் லொகேஷனை வாங்கி மேப்பில் சேட்டிலைட் படத்தைப் பாருங்கள், ரூம் கதவிலிருந்து கடல் வரை நடந்தபடி ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்கானவர்கள் அனுப்பிவிடுவார்கள். பிரைவேட் பீச் என்பதற்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள், அலை அடிக்கிற மணல் அரசாங்கத்துச் சொத்து, யார் வேண்டுமானாலும் நடக்கலாம். சனி, ஞாயிறு விலையையும் செவ்வாய், புதன் விலையையும் கேட்டுப் பாருங்கள், வித்தியாசத்தைப் பார்த்தால் நீங்களே லீவு போட்டுவிடுவீர்கள். புது மாப்பிள்ளைக்கு இரண்டு நாள் லீவு தராத மேனேஜர் இருந்தால் அவருக்குக் கல்யாணப் பத்திரிகையை மறுபடி காட்டுங்கள்.

பிள்ளைகள் பனானா போட், ஜெட் ஸ்கீ இரண்டே ரவுண்டில் சலித்துவிட்டார்கள். அறிவுக்கு ஏதாவது உண்டா? (அணுசக்தி நகர்)

உங்கள் காலனிப் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும், உண்டு. அலிபாக் காந்தமண்டல ஆய்வகம். பூமியின் காந்தப்புலத்தை அளக்கிற இடம், மும்பையில் கொலாபாவில் 1841இலிருந்து நடந்துகொண்டிருந்தது. 1859 செப்டம்பரில் சூரியனிலிருந்து கிளம்பி உலகத்தையே உலுக்கிய காந்தப் புயலைக் கொலாபாக் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன, இன்றைக்கும் விஞ்ஞானிகள் அந்தப் பதிவைத் தேடி எடுத்து ஆராய்கிறார்கள். பிறகு மும்பைக்கு மின்சார டிராம் வரப்போகிறது என்று ஆனது. மின்சாரம் ஓடினால் காந்த அளவு கெட்டுவிடும், அதனால் 1904இல் அலிபாக்கில் புது ஆய்வகம். கட்டடத்தில் காந்தத்தை இழுக்கிற பொருளே சேர்க்காமல் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே போக முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும், அரசு அலுவலகம், ஞாயிறு போய்க் கேட்டைத் தட்டாதீர்கள்.

அலிபாக் பக்கத்துக் கிஹிம் கிராமத்தையும் சொல்லலாம். பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி 1930 வாக்கில் அங்கே தங்கித்தான் தூக்கணாங்குருவி கூடு கட்டுவதையும் குடும்பம் நடத்துவதையும் உட்கார்ந்து கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டிவிட்டுப் பெண் வந்து பார்த்துச் சரி சொல்கிறதா என்று காத்திருக்கும். பிடித்தால்தான் மீதி வேலை, அது முடிந்ததும் அடுத்த கூட்டுக்கு அஸ்திவாரம், அடுத்த துணை. பிள்ளைகளுக்கு எதுவரை சொல்வது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மழையில் கொங்கண் சொர்க்கம் என்கிறார்களே, ஜூலையில் போகலாமா? (தானே)

ரோட்டுக்குச் சொர்க்கம், கடலுக்கு இல்லை. கேட்வே படகுகள் மே கடைசியில் நின்றால் ஆகஸ்ட் கடைசி வரை கிடையாது, ரோ-ரோ மட்டும் வானிலை பார்த்து ஓடும். கோட்டைக்கு நடக்க முடியாது, ஜஞ்சிராவும் மூடியிருக்கும், வாட்டர் ஸ்போர்ட்ஸ் கிடையாது. இன்னொன்று, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடை. நம்ம ஊர்ப் பக்கம் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை என்பதால் பலருக்கு இது நினைவிருக்காது. அந்த இரண்டு மாசம் ‘ஃப்ரெஷ் பாம்ஃப்ரெட்’ என்று தட்டில் வந்தால் அது எந்த ஐஸ் பெட்டியில் எத்தனை நாள் இருந்ததோ. ஆவணி அவிட்டத்தன்று, இங்கே நாரளி பௌர்ணமி, மீனவர்களான கோலிகள் கடலுக்குத் தேங்காய் விட்டுப் புது சீசனைத் தொடங்குவார்கள், அதற்கப்புறம் மீனுக்குப் போங்கள்.

மழையில்தான் போவேன் என்றால் பேணில் இறங்குங்கள். அங்கே வீட்டுக்கு வீடு பிள்ளையார் செய்கிறார்கள். ஜூலையில் வர்ணம் பூசாத வெள்ளைப் பிள்ளையார்கள் ஷெட் முழுக்க வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் கண் மட்டும் எழுதிக்கொண்டே போவார். அவரைத் தொந்தரவு பண்ணாமல் நின்று பாருங்கள்.

என் வீட்டுக்காரர் அலிபாக்கில் அரை ஏக்கர் வாங்கிப் போடலாம் என்கிறார். சினிமாக்காரர்கள் எல்லாம் வாங்குகிறார்களாம். (கோரேகாவ்)

ஒரு வாரக் கடைசிக்குப் போய்விட்டு வந்தவர்களுக்குத் திங்கள் காலை வருகிற வியாதி இது. மகாராஷ்டிரத்தில் விவசாய நிலத்தை விவசாயி அல்லாதவர் அனுமதி இல்லாமல் வாங்க முடியாது. தஞ்சாவூரில் தாத்தாவுக்கு நிலம் இருக்கிறது என்றால் அது இங்கே செல்லுமா என்பதை வக்கீலிடம் கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள். ‘என்.ஏ. பிளாட்’ (விவசாயம் அல்லாத நிலம்) என்றால் அந்த உத்தரவைக் கையில் வாங்கிப் படியுங்கள், சாத்பாரா என்கிற நிலப் பதிவேட்டில் யார் யார் பேர் இருக்கிறது என்று பாருங்கள். கடலோர ஒழுங்குமுறை விதி தனி. விதியை மீறின ஒரு வைர வியாபாரியின் பங்களாவை 2019 மார்ச்சில் கிஹிமில் வெடி வைத்துத் தகர்த்தார்கள், வீடியோ இன்னும் கிடைக்கும், வீட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டுங்கள்.

ஆபீஸில் ஏதாவது தெரியாமல் கேட்டால் ‘அலிபாக் சே ஆயா ஹை க்யா’ (அலிபாக்கிலிருந்து வந்தவனா) என்று கிண்டல் செய்கிறார்கள். அந்த ஊர் மேல் ஏன் இந்தக் கோபம்? (அந்தேரி)

கோபம் இல்லை, பட்டணத்துத் திமிர். அலிபாக் பக்கத்துக்காரர் ஒருவர் இதைத் தடை செய்யச் சொல்லி பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கே போனார். 2019இல் தள்ளுபடி ஆனது, எல்லாச் சமூகத்தைப் பற்றியும் ஜோக் இருக்கிறது, ரசித்துவிட்டுப் போங்கள் என்கிற தோரணையில். மதராஸி என்று கேட்டுக் கேட்டுக் காது மரத்த நமக்கு இதெல்லாம் ஜுஜுபி. போய்ப் பார்த்தால் தெரியும், ஞாயிறு சாயங்காலம் மாண்ட்வா வரிசையில் திருதிருவென்று முழிப்பது யார் என்று. அலிபாக்காரர்கள் அந்த நேரத்துக்கு வெளியே வரவே மாட்டார்கள். ஞாயிறு மத்தியானத்துக்கு முன்னால் கிளம்புங்கள், அல்லது திங்கள் முதல் படகு.

அங்கிருந்து என்ன வாங்கி வரலாம்? (நெருல்)

வெள்ளை வெங்காயம். புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. நெல் அறுத்த வயலில் போட்டு, வெயில் ஏற ஏற ரோட்டோரம் தாளோடு சடை பின்னித் தொங்கவிட்டிருப்பார்கள். காரமே இல்லை, லேசாக இனிக்கும், தயிர்ச் சாதத்துக்குக் கடித்துக்கொண்டால் நம்ம சின்ன வெங்காயத்துக்கு ஒரு நாள் லீவு கொடுக்கலாம். சாதாரண வெள்ளை வெங்காயத்தையும் அலிபாக் என்று சொல்லி வாஷி வரை விற்கிறார்கள், அதனால் சடையாகவே வாங்குங்கள். சாம்பாருக்குப் போடாதீர்கள், கரைந்துபோகும். கருவாடு வாங்கினால் மூன்று பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள், கப்பலில் பக்கத்து சீட்டுக்காரர் குஜராத்தியாக இருந்தால் பாவம்.

எங்கள் வீட்டு நாயை விட்டுவிட்டுப் போக மனசில்லை. (வாஷி)

ரோ-ரோவில் கூட்டிப்போகலாம், அதற்கும் டிக்கெட் உண்டு. ரூம் போடும்போது நாய் வருகிறது என்று சொல்லிவிடுங்கள், இனம் என்ன, அளவு என்ன என்றும் சொல்லுங்கள், ‘சின்ன நாய்’ என்று சொல்லிவிட்டு லேப்ரடாரோடு போய் நிற்காதீர்கள். தோப்பில் அவிழ்த்து விடாதீர்கள், ஊர் நாய்கள் ஏரியா விஷயத்தில் கறார். மத்தியானம் கறுப்பு மணல் கொதிக்கும், பாதம் பொத்துப்போகும், அதனால் காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டும் நடக்க விடுங்கள். கடல் தண்ணீரைக் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், படகில் ஏறுவதற்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே சாப்பாடு போட்டுவிடுங்கள், இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.